தண்ணீர் வந்த வழியும் போன வழியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க" என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் மாற்றப் பள்ளம் தோண்டினார்கள். பழைய வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை வெட்டி எடுத்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். குனிந்து உள்ளே பார்த்தேன். ஒரு கை தாராளமாக நுழைய வேண்டிய குழாயில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது. மீதியெல்லாம் துரு, கட்டி கட்டியாக. வேலை செய்த பையன், "வெள்ளைக்காரன் காலத்து பைப்பும்மா" என்றான். இருக்கலாம். சென்னையில் பழசாகத் தெரிவதையெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம்.

அதைப் பார்த்ததும், 1988-ல் ஐந்தாம் வகுப்புக்கு நான் நடத்திய ஒரு பாடம் ஞாபகம் வந்தது. 'நம் ஊரின் குடிநீர்'. அன்றைக்கு நான் பாதிப் பாடம்தான் நடத்தினேன் என்பது இப்போதுதான் புரிகிறது. மீதிப் பாதியை இன்று நடத்திவிடுகிறேன். நான் செகண்டரி கிரேடு டிரெயினிங் முடித்தவள், சரித்திரத்தில் பட்டம் வாங்கியவள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு படித்ததை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. கடலை ஒட்டி உட்கார்ந்திருக்கிற ஊருக்கு நல்ல தண்ணீர் எப்படிக் கிடைத்தது? மணல்தான் காரணம். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கும். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் அது மெத்தை போட்டதுபோல் நிற்கும். அளவாக இறைத்தால் இனிக்கும். பேராசைப்பட்டு இறைத்தால் கீழேயிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். பெசன்ட் நகரில் ஆழ்குழாய் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், அழுதுகொண்டே சொல்வார்கள்.

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் வாங்கிக் கோட்டை கட்டியது. கோட்டைக்குள் வெள்ளையர், வெளியே வடக்கே நம்மவர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரம். கோட்டைக்குள் நல்ல தண்ணீருக்குக் கஷ்டம், வெளியிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். சமாதான காலத்தில் அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் 1758 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து இரண்டு மாதம் கோட்டையை முற்றுகையிட்டார்கள். முற்றுகையில் பீரங்கிக் குண்டைவிடத் தாகம் சீக்கிரம் கொல்லும் என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1772-ல் கேப்டன் பேக்கர் என்ற அதிகாரி கறுப்பர் நகரத்தின் வடபகுதியில் கிணறுகள் தோண்ட ஏற்பாடு செய்தார். தோண்டியது பத்து. வற்றாமல் ஊறியது ஏழு. ஒவ்வொன்றும் சுமார் 16 அடி விட்டம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,40,000 காலன் தண்ணீர் கிடைத்தது. நம் மின்ட் தெருப் பக்கம் இருக்கும் ஏழுகிணறு இதுதான். பேரைச் சொல்லிக்கொண்டே பஸ்ஸில் போகிறோம், கிணறு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வள்ளலார் இளம் வயதில் வாழ்ந்த வீராசாமி தெரு வீடும் அந்த ஏழுகிணறு வட்டாரத்தில்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிணறு இருந்தது நம்மவர் வாழ்ந்த இடத்தில். தண்ணீர் முதலில் போனது கோட்டைக்கு. சென்னையின் முதல் குடிநீர்த் திட்டம் என்று சொல்கிறோமே, அது அடிப்படையில் பட்டாளத்துக்கான தண்ணீர்த் திட்டம். மற்ற ஜனங்கள் தங்கள் வீட்டுக் கிணற்றையும் தெப்பக்குளங்களையும் ஏரிகளையும் நம்பித்தான் இன்னும் நூறு வருஷம் இருந்தார்கள்.

அந்த நூறு வருஷத்தில் ஊர் பெருத்தது. வீட்டுக் கொல்லையில் கிணறும் பத்தடி தள்ளி மலக்குழியும் என்று ஆனது. மணல்தான் நல்ல தண்ணீரைத் தேக்கித் தந்தது என்றேன் இல்லையா, அதே மணல் மலக்குழித் தண்ணீரையும் கிணற்றுக்குள் கசியவிட்டது. வாந்திபேதி வருஷா வருஷம் வந்துபோனது. அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், வேப்பிலை கட்டினார்கள். அன்றைக்கு டாக்டர்களுக்கும் அதைவிட அதிகமாகத் தெரிந்துவிடவில்லை. கெட்ட காற்றால் நோய் வருகிறது என்றுதான் அவர்களில் பலர் நம்பினார்கள்.

அரசாங்கத்தை உலுக்கியது நம் ஜனங்களின் சாவு அல்ல, வெள்ளைச் சிப்பாய்களின் சாவு. 1863-ல் லண்டனில் ஒரு ராயல் கமிஷன் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் இருக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறக்கிறார்கள் என்றும், பெரும்பாலும் போரால் அல்ல, நோயால் என்றும் அது சொன்னது. அந்த அறிக்கைக்குப் பின்னால் இருந்தவர் யார் தெரியுமா? நம் பாடப்புத்தகத்தில் விளக்கேந்திக்கொண்டு நிற்பாரே, பிளாரன்ஸ் நைட்டிங்கேல். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வீட்டிலிருந்தபடியே கடிதம் எழுதி எழுதிக் கவர்னர்களைத் துளைத்தெடுத்தார். 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவும் அந்தக் கடிதங்களுக்குத் தப்பவில்லை. நேப்பியர் பாலத்து நேப்பியர்தான். விளக்கேந்திய படத்தை மட்டும் காட்டி நானும் முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். புள்ளிவிவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாக்கடைக்காகச் சண்டை போட்டவர் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

1865-ல் கேப்டன் ஹெக்டர் டல்லக் என்ற நகராட்சிப் பொறியாளர் சென்னையின் சாக்கடைத் திட்டத்தைப் பற்றி ஒரு விரிவான அறிக்கை எழுதினார். பாதாளச் சாக்கடை அமைக்கலாம், கழிவுநீரை நிலத்துக்குப் பாய்ச்சிப் பயிர் வளர்க்கலாம் என்பதெல்லாம் அவருடைய யோசனைகள். அடுத்த வருஷமே, 1866-ல், வில்லியம் ஃப்ரேசர் என்ற பொறியாளர் குடிநீருக்கு ஒரு திட்டம் கொடுத்தார். ஆக, தண்ணீர் வருவதற்கு ஒரு திட்டமும் தண்ணீர் போவதற்கு ஒரு திட்டமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மேஜைக்கு வந்தன.

எது நிறைவேறியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? குடிநீர்த் திட்டம் 1872-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது. முழு நகரத்துக்குமான பாதாளச் சாக்கடைக்கு 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் அங்கும் இங்குமாகச் சில துண்டு வேலைகள் மட்டும் நடந்தன. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுவதைக் கவர்னர் வந்து பார்க்கலாம், கைதட்டலாம். சாக்கடையைப் பார்த்து யார் கைதட்டுவார்கள்? பணமும் தட்டுப்பாடு என்பது உண்மைதான். ஆனால் பணம் இல்லாதபோது எதைத் தள்ளிப்போடுகிறோம் என்பதில்தானே நம் மனசு தெரிகிறது.

ஃப்ரேசருடைய திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. அழகான திட்டம் அது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டு. அங்கே திரும்பிய தண்ணீர் கால்வாய் வழியாகச் சோழவரம் ஏரிக்கு வரும். அங்கிருந்து செங்குன்றம், அதாவது புழல் ஏரிக்கு. அங்கிருந்து இன்னொரு திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு. கீழ்ப்பாக்கத்திலிருந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் ஊருக்குள் கிளை பிரிந்தன. எங்கேயும் பம்பு கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாகவே நடந்து வரும். சோழவரமும் புழலும் வெள்ளைக்காரன் வெட்டிய ஏரிகள் அல்ல, நம் ஊர் விவசாயத்துக்கு ஏற்கெனவே இருந்தவை. அவற்றை மாலை கோத்ததுபோல் கோத்து நகரத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்த ஏரிப் பாசனத்தை நம்பியிருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போதெல்லாம் எனக்குத் தோன்றும். பாடப்புத்தகம் நகரத்தின் பக்கம் நின்றுதானே கதை சொல்கிறது.

தெருக்குழாய் வந்தது. 'குழாயடிச் சண்டை' என்கிறோமே, அதற்கு முதலில் குழாயடி என்று ஓர் இடம் வேண்டாமா? கிணற்றில் யார் இறைக்கலாம், யார் இறைக்கக் கூடாது என்று சாதிக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. கார்ப்பரேஷன் குழாய் யாருக்கும் சொந்தமில்லை என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி. உடனே எல்லாரும் சரிசமமாக வரிசையில் நின்றார்கள் என்று நான் கதை விடமாட்டேன். ஆனாலும் கிணற்றடிச் சட்டம் குழாயடியில் அப்படியே செல்லுபடியாகவில்லை.

குறைகளும் இருந்தன. கீழ்ப்பாக்கம் வரை திறந்த கால்வாய். வழியில் மாடு இறங்கும், துணி துவைப்பார்கள், மழை பெய்தால் சேறு வந்து சேரும். வடிகட்டும் ஏற்பாடு எதுவும் கிடையாது. ஏரியில் என்ன இருந்ததோ அது குழாயில் வந்தது. பம்பு இல்லாததால் அழுத்தமும் குறைவு. கடைக்கோடித் தெருக்களுக்குக் காற்றுதான் வரும். திட்டம் வந்து நாலே வருஷத்தில், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் வேறு. பசியால் ஊரை விட்டு வந்தவர்களை வைத்துத்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை வெட்டினார்கள். பஞ்ச நிவாரண வேலை என்று அதற்குப் பெயர். இன்றைக்கு அதன் மேல் பறக்கும் ரயில் ஓடுகிறது, கீழே சாக்கடை ஓடுகிறது.

இப்போது மீதிப் பாதிக்கு வருகிறேன். ஒரு வீட்டுக்கு நாலு குடம் தண்ணீர் வந்தால், நாலு குடம் வெளியேயும் போக வேண்டும். கிணற்றில் கயிறு போட்டு இறைத்த காலத்தில் யாரும் வீணாக்கமாட்டார்கள். கொல்லை வாழைக்கே போய்விடும். குழாய் வந்ததும் புழக்கம் கூடியது. அந்தத் தண்ணீர் தெரு ஓரச் சாக்கடையில் தேங்கியது, வழிந்தது, கடைசியில் கூவத்தில் போய் விழுந்தது. கூவமோ கடலில் கலக்கும் இடத்தில் மணல்மேடு போட்டு அடைத்துக்கொள்ளும் ஆறு. 1870-களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். அந்தக் கல் சுவர், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. கூவத்தின் வாயும் இன்னும் சுலபமாக அடைபட்டது. வடக்கே கரை அரித்தது. ராயபுரம், காசிமேட்டுப் பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டி வீட்டைக் கடல் தின்றது என்று சொல்வீர்களே, அதற்கும் இதுதான் பெரிய காரணம். மெரினாவில் சுண்டல் தின்னும்போது கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளியுலகத்தில் இதற்குள் ஒரு மாற்றம் வந்திருந்தது. 1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கண்டார். 1892-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் காலரா வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஒட்டியே இருந்த அல்டோனா நகரம் பெரும்பாலும் தப்பித்தது. இரண்டு ஊரும் குடித்தது ஒரே எல்பே ஆற்றுத் தண்ணீர். ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகுதான் அல்டோனா தண்ணீர் எடுத்தது. ஆனால் அல்டோனா மணலில் வடிகட்டியது, ஹாம்பர்க் வடிகட்டவில்லை. இதைவிடத் தெளிவான பரிசோதனையை எந்த வாத்தியாரும் வகுப்பில் செய்து காட்ட முடியாது.

சென்னைக்கு அந்த மணல் 1914-ல் வந்தது. ஜே.டபிள்யூ. மேட்லி என்பவர் கார்ப்பரேஷனின் சிறப்புப் பொறியாளர். தி.நகர் மேட்லி சாலை, மேட்லி சுரங்கப்பாதை என்று பேர் அடிபடுமே, அவர்தான். திறந்த கால்வாய்க்குப் பதிலாக மூடிய கால்வாய் கட்டினார். கீழ்ப்பாக்கத்தில் மெதுமணல் வடிகட்டிகள், பூமிக்கு அடியில் தொட்டி, நீராவி எந்திரம் வைத்த பம்பு எல்லாம் அமைத்தார். மெதுமணல் வடிகட்டி என்பது பெரிய தொட்டி. அடியில் சல்லி, மேலே மணல். தண்ணீர் மெதுவாக இறங்கும்போது மணலின் மேல்பரப்பில் வழவழவென்று ஓர் ஏடு படரும். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் கிருமிகளைப் பிடித்து வைத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த ஏடுதான். அது தடித்து அடைத்துக்கொண்டால் தொட்டியை வடியவிட்டு, ஆட்கள் இறங்கி மேல் மணலைச் சுரண்டி எடுத்து, கழுவி, மறுபடி போட வேண்டும். ஒரு தடவை கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்திவிட்டால் தீர்ந்தது என்ற சமாச்சாரம் இல்லை. மழையோ வெயிலோ, யாராவது இறங்கிச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மேட்லி ஒரு கணக்குப் போட்டார். 1961-ல் சென்னையின் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன் என்று வைத்துக்கொண்டார். நம் பிளாஸ்டிக் குடத்தில் ஏழெட்டுக் குடம். தாராளம்தான். அன்றைக்கு ஊரில் இருந்தவர்கள் ஐந்து லட்சத்துச் சொச்சம். ஐம்பது வருஷத்தை எண்ணிப் பார்த்துத் திட்டம் போட்ட மனுஷன் என்று எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 1961-ல் கணக்கெடுத்தபோது சென்னையில் 17 லட்சம் பேர் இருந்தோம். நான் பிறந்த வருஷம் அது. ஆக, நான் பிறக்கும்போதே குழாய்க்குள் எனக்கு இடம் இல்லை!

பாதாளச் சாக்கடைக்கும் அதே 6.6 லட்சம்தான் கணக்கு. 1910-ஐ ஒட்டி வகுத்த திட்டம் அது. இதில் கஷ்டம் என்னவென்றால், சாக்கடை ஓடச் சரிவு வேண்டும். மெதுவாக ஓடினால் கசடு தங்கிவிடும். நூறடிக்கு ஓரடி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மைலுக்கு எவ்வளவு ஆழம்? கணக்குப் போடுங்கள் பார்ப்போம். ஐம்பது அடிக்கு மேல்! சென்னையோ தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊர். பல இடங்கள் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே. அவ்வளவு ஆழம் தோண்டினால் நிலத்தடித் தண்ணீர் பொங்கும். அதனால் சரிவைக் குறைத்து, கொஞ்ச தூரம் ஓடவிட்டு, பம்பு வைத்து மேலே தூக்கி, மறுபடி ஓடவிட வேண்டும். கடைசியில் ஒரு பகுதி கடலுக்குப் போனது. ஒரு பகுதி கொடுங்கையூர்ப் பண்ணைக்குப் போய் அங்கே மாட்டுக்குப் புல் வளர்ந்தது. டல்லக்கின் யோசனை ஒரு வழியாகப் பலித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரிவு குறைவு, ஊரெல்லாம் மணல், போதாததற்கு நாம் பாத்திரம் தேய்த்த மண்ணும் சாம்பலும். எல்லாம் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? வரைபடத்தில் கோடு போட்டவருக்கு அடைப்பு வரும் என்று தெரியும். அதனால்தான் கொஞ்ச தூரத்துக்கு ஒரு மேன்ஹோல் வைத்தார்கள். அந்தப் பேரையே பாருங்கள். ஒரு மனுஷன் இறங்குவதற்கான ஓட்டை. எந்த மனுஷன் என்பது பேரில் இல்லை, ஆனால் ஊருக்கே தெரியும். எடுப்புக் கக்கூஸில் கூடை சுமந்தவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும்தான் இந்த ஓட்டைக்குள்ளும் இறக்கினார்கள். தெலுங்கு பேசும் ஆதி ஆந்திரர் குடும்பங்கள் பல தலைமுறையாக இந்த வேலையில் இருந்தன. குழாயும் பம்பும் சீமையிலிருந்து வந்தன. பராமரிப்புக்கு நம் ஊர்ச் சாதி போதும் என்று விட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரன் போன பிறகு நாமும் அதை மாற்ற அவசரப்படவில்லை.

பூண்டி கதை உங்களுக்குத் தெரியும், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மேயராக இருந்த சத்தியமூர்த்தி பிடிவாதமாக நின்று 1940-ல் அடிக்கல் நாட்ட வைத்தார். 1944-ல் கட்டி முடித்தார்கள். 1943-லேயே அவர் காலமாகிவிட்டார். சத்தியமூர்த்தி சாகர் என்று பேர் மட்டும் நின்றது. 1978-ல் குடிநீரும் சாக்கடையும் கார்ப்பரேஷனிடமிருந்து தனி வாரியத்துக்கு, நாம் சொல்லும் மெட்ரோ வாட்டருக்கு, மாறின. 1996-ல் கிருஷ்ணா நீர், 2004-ல் வீராணம். நான் ஓய்வு பெற்ற 2019-ல் ஏரிகளெல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அது உங்களுக்கே மறந்திருக்காது.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். உறவுக்காரர்களுக்கு அந்த அடிபம்பு ஞாபகம் இருக்கும். தண்ணீரின் அழுத்தம் குறைந்துகொண்டே போக, குழாய் தரைக்கு மேலே ஏறாமல் போனது. எல்லார் வீட்டிலும் குழியில் அடிபம்பு வைத்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா என்னை எழுப்பிவிடுவார். நூறு அடி நான், நூறு அடி தம்பி. காற்று 'உஸ்' என்று வரும், அப்புறம் கலங்கலாக, அப்புறம் தெளிவாக. அந்த 'உஸ்' என்ன என்று அப்போது தெரியாது. தெருவே சேர்ந்து அடித்து இழுக்கும்போது, குழாய்க்குள் தண்ணீருக்குப் பதில் வெற்றிடம் உண்டாகிறது. துருப்பிடித்த இணைப்பில் விரிசல் இருந்தால், வெளியே இருப்பதையெல்லாம் அது உறிஞ்சும். பக்கத்திலேயே சாக்கடைக் குழாய், அதுவும் அடைத்துக்கொண்டு கசிகிற குழாய். வந்த வழியும் போன வழியும் பூமிக்கடியில் ஒன்றாகிவிடும். எங்கள் தெருவில் அந்த வருஷம் ஏழெட்டு வீட்டில் மஞ்சள் காமாலை. தம்பி இரண்டு மாதம் படுத்துக் கிடந்தான். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைத்து, அம்மா பாதியாக இளைத்துப்போனார். பிழைத்துக்கொண்டான். எதிர் வீட்டுக் குழந்தை பிழைக்கவில்லை.

தெருவில் அடைப்பு எடுக்க மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திப் பார்த்தார்கள், அசையவில்லை. ஒருவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கினார். அம்மா எங்களை உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அவர் மேலே ஏறி வந்து தண்ணீர் கேட்டபோது, அண்ணாந்து குடிக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றினார். தன் பிள்ளையைக் காப்பாற்ற வந்தவருக்கு. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இது நடந்தது, எழுதாமல் விட முடியாது.

இப்போது அந்த 1988 வகுப்பு. வடசென்னையில் ஒரு பள்ளி. கரும்பலகையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம் என்று எழுதி, அம்புக்குறி போட்டு, கடைசியில் ஒரு குழாயும் குடமும் வரைந்தேன். படம் நன்றாக வந்திருந்தது, எனக்கே பெருமை. "தண்ணீர் எங்கிருந்து வருது, தெரிஞ்சுதா?" என்றேன். எல்லாரும் "தெரிஞ்சுது டீச்சர்" என்றார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, வகுப்பில் அதிகம் வாய் திறக்கமாட்டான்.

"டீச்சர், அது எங்க போவுதுன்னு எங்கப்பாவுக்குத் தெரியும். எங்கப்பா உள்ள எறங்குவாரு."

நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு வகுப்பே சிரித்தது. நான் அவர்களை அதட்டியிருக்க வேண்டும். அவனை முன்னால் கூப்பிட்டு, குடத்திலிருந்து இன்னொரு அம்புக்குறி போடச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அது பாடத்தில் இல்லை, உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். வருஷம் முடியும் வரை அவன் கை தூக்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைக்கக் கூடாது என்று 1993-ல் சட்டம் வந்தது. 2013-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. 1993-க்குப் பிறகு சாக்கடைக்குள் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அந்தத் தொகையை முப்பது லட்சமாக்கியது. எந்திரங்களும் வந்திருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்திச் செய்தியாக 'விஷவாயு தாக்கி' என்று வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஊர்ப்பேரையும் வயதையும் பார்ப்பேன்.

அவனுக்கு இப்போது நாற்பத்தேழு வயது இருக்கும். பேரை இங்கே எழுதமாட்டேன், அவன் விரும்புவானோ என்னவோ. 1988 ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருந்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். அன்று சிரித்தவர்களும் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்களை நான் திட்டப் போவதில்லை. அவன் இருக்கும் இடமோ நம்பரோ யாருக்காவது தெரிந்தால் பொதுவில் போடாமல் எனக்கு மெசஞ்சரில் தனியாக அனுப்புங்கள். அவன் அப்பா இருந்தால் அவரையும் பார்க்க வேண்டும். குடத்திலிருந்து தண்ணீர் எந்தெந்தத் தெரு வழியாகப் போனது என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.